கிழக்கு வேலிக்கு வெளியே

ஜனவரி 19, திங்கள்

தங்கச்சி கல்யாணம் முடிந்து, பன்னிரண்டு நாள் விடுப்புக்குப் பிறகு இன்று நிலையத்துக்கு வந்தேன். குடில்கள் பக்கம் போவதற்கு முன் வாசல் காவல் சுடலைமுத்து அண்ணாச்சி வழக்கம்போலப் பிளாஸ்டிக் தட்டை நீட்டினார். சாவி, பெல்ட், செல்போன், பேனா. இரும்பு கலந்த எதுவும் உள்ளே போகக் கூடாது. காந்தமானிகள் இருக்கும் குடில்களில் ஆணிகூடப் பித்தளைதான்.

"புது வாட்ச் போட்டிருக்கீங்க. மாப்பிள்ளை வீட்டுச் சீரா?"

"நான் பொண்ணோட அண்ணன், அண்ணாச்சி. நாங்கதான் குடுக்கணும்."

"அப்ப அதையும் கழத்தி வைங்க. குடுத்துப் பழகுனதுதானே."

கல்யாண வீட்டில் மாமா கேட்டார், அந்தக் காட்டுக்குள்ள என்னதாம்லே பாக்க என்று. சொன்னேன். வானத்தில் ஒரு சோதனைச் செயற்கைக்கோள் வெயிலைப் பிடித்து மின்சாரமாக்கி, நுண்ணலைக் கதிராகக் கீழே அனுப்புகிறது. இது ஒன்று. நாளைக்கு நூறு வரப்போகிறது. பூமியைச் சுற்றி ஒரு காந்தக்கோளம் கவசம் மாதிரி இருக்கிறது. அந்தக் கதிரும், செயற்கைக்கோளின் உந்திகள் கக்கும் அயனிகளும் அதை என்ன செய்யும் என்று யாருக்கும் தெரியாது. திருநெல்வேலிச் சீமைக்கு மேலே, நூறு கிலோமீட்டர் உயரத்தில், நடுப்பகலில் ஒரு பெரிய மின்னோட்டம் ஓடுகிறது. காந்தக்கோளத்தில் ஏதாவது ஆட்டம் வந்தால் அதில் தெரியும். அதனால் எங்கள் நிலையம். மாமா "பந்தி போட்டுட்டாங்க" என்று எழுந்து போய்விட்டார்.

இனி விஷயம். நான் விடுப்பில் இருந்தபோது இந்தக் கதிர்ப் பாதிப்பு மதிப்பீட்டுக்குப் பொறுப்பாளராக இசக்கியம்மாளை நியமித்திருக்கிறார்கள். எனக்கு இரண்டு வருடம் பின்னால் வந்தவள். ராதாபுரத்துக்காரி. காந்தமானியைச் சமன்படுத்த, பதிவு நோட்டு எழுத, எல்லாம் நான் சொல்லிக் கொடுத்தது. நோட்டில் அழிக்கக் கூடாது, பக்கம் கிழிக்கக் கூடாது, தப்பு வந்தால் ஒரே கோடு, பக்கத்தில் சரியான எண், திருத்தியவர் சுருக்கொப்பம், அளந்தவர் சுருக்கொப்பம். முதல் நாள் இதைக் கேட்டுவிட்டு, "பேங்க் செக்கைவிட மோசமா இருக்கேண்ணே" என்றாள்.

இருவருக்கும் ஒப்பந்தம் மார்ச் 31-இல் முடிகிறது. நிரந்தரப் பணியிடம் ஒன்றுதான். மதிப்பீட்டு அறிக்கையில் யார் பெயர் முதலில் வருகிறதோ அவருக்கு.

அவளிடமிருந்து ஒரு மின்னஞ்சல் கிடந்தது. தலைப்பு: 'வாழ்த்துகளுக்கு நன்றி.' நான் வாழ்த்தவே இல்லை. எனக்கு எதற்கு நன்றி? திறக்கவில்லை.

ஜனவரி 22, வியாழன்

யுபிஎஸ் பேட்டரிகளுக்கு டிஸ்டில்டு வாட்டர் ஊற்றினேன். பதினாறு பேட்டரி.

மேற்கே இருக்கும் முதன்மைக் குடிலின் கருவிகள் டிசம்பர் மழையில் இடி விழுந்து போனவை போனவைதான். நிலையத் தலைவர் டாக்டர் லூர்துராஜ் கேட்டார், "பாண்டி, எப்பய்யா ரெடி பண்ணுவ?" சர்க்யூட் போர்டு வரவேண்டும் என்றேன். போர்டு வந்து அலமாரியில் இருக்கிறது. இரண்டு நாள் வேலை. செய்தால் யாருக்குப் பேர் என்று தெரியும்தானே.

அவள் ஏதோ புதுக் காந்தமானியை வைத்து ஓட்டிக்கொண்டிருக்கிறாள். ஒரே ஒரு சென்சார். ஓட்டட்டும்.

பிப்ரவரி 3, செவ்வாய்

முதல் கதிர்ச் சோதனை. இனி செவ்வாயும் வெள்ளியும், பகல் 12.10 முதல் 12.40 வரை, கதிர் இறங்கும்.

அலுவலக அறையில் எல்லோரும் திரையைச் சுற்றி உட்கார்ந்தார்கள். தலைமையகத்தோடு வீடியோ கால். அவள் புதுச் சேலை கட்டி வந்திருந்தாள். மல்லிகைப்பூ வேறு. அறிவியலுக்கும் மல்லிகைப்பூவுக்கும் என்ன சம்பந்தம்? எனக்கு அந்த அறையில் மூச்சு முட்டியது. வெளியே வேலை இருக்கிறது என்று சொல்லிவிட்டு மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விட்டேன்.

வளாகத்துக்கு வெளியே கிழக்கு வேலியை ஒட்டி ஒரு வண்டித்தடம் போகிறது. அங்கே முள் அடர்ந்த ஓர் உடைமரம். அதனடியில் வண்டியை நிறுத்தி ஐந்து நிமிடம் நின்றேன். காற்று வரும். செல்போன் சிக்னலும் நன்றாக இருக்கும். கள்ளிவேலிக்கு உள்ளே யாரோ குழி தோண்டி ஓலை போட்டு மூடியிருக்கிறார்கள். தண்ணீர்க் குழாய் போலிருக்கிறது.

இயக்குநர் அவளை "வெரிகுட் இசக்கி" என்று இரண்டு தடவை சொன்னார். லூர்துராஜ் சார் தன் முகம் திரையில் தெரிகிறதா என்பதை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தார். என்னைப் பற்றி யாரும் கேட்கவில்லை.

பிப்ரவரி 4, புதன்

காந்தப்புல அளவில் சரிவு விழுந்திருக்கிறது. நாற்பதாயிரம் நானோ டெஸ்லாவில் நான்கு. கதிர் வந்த நேரத்தில் இறங்கி, போன நேரத்தில் ஏறியிருக்கிறது. நூற்றைம்பது கிலோமீட்டர் தள்ளி இருக்கும் ஒப்பீட்டு நிலையத்தில் இல்லை. இங்கே மட்டும்.

அவள் வீட்டிலிருந்து முந்திரிக்கொத்து கொண்டுவந்தாள். மூன்று தின்றேன். நன்றாக இருந்தது என்று சொல்லவில்லை.

"அண்ணே, இந்த வரைபடத்தைக் கொஞ்சம் பாருங்களேன். சரிஞ்சு இறங்கல. படிக்கட்டு மாதிரி இறங்குது. கதிர் வாரதுக்கு ரெண்டு நிமிஷம் முந்தியே வேற இறங்குது. வானத்துல நடக்கது இப்படியா இருக்கும்?"

"நீதானே பொறுப்பாளர். நீ சொல்லு."

தாளை மடித்து எடுத்துக்கொண்டு போனாள்.

பிப்ரவரி 6, வெள்ளி

இன்றும் மரத்தடி. ஐந்து நிமிடம். இன்றும் நான்கு நானோ டெஸ்லா.

பிப்ரவரி 8, ஞாயிறு

துணி துவைத்தேன். சிலிண்டர் தீர்ந்துவிட்டது. கடையில் புரோட்டா.

பேப்பரில் அவள் படம். 'விண்வெளிச் சூரிய மின்சாரம் காந்தக்கோளத்தை அசைக்கிறதா? நெல்லைப் பெண் விஞ்ஞானியின் கண்டுபிடிப்பு.' அம்மா போன் செய்தாள்.

"ஏலே, உங்க ஆபீஸ் பொண்ணாம்லா. பேப்பர்ல போட்டிருக்கான்."

"ஆமா."

"நீ அதுல எங்க இருக்க? பின்னால நிக்கியா?"

"இல்லம்மா."

"நானும் கண்ணாடி போட்டுத் தேடிப் பாத்தேன்."

பிப்ரவரி 10, செவ்வாய்

மரத்தடி, ஐந்து நிமிடம். சரிவு, நான்கு. மூன்றுக்கு மூன்று. நிரூபணம் ஆனால் நூறு செயற்கைக்கோளும் நிறுத்தப்படும். அவ்வளவு பெரிய திட்டத்தை ராதாபுரத்துக்காரி ஒருத்தி நிறுத்துவாள். இதில் எனக்கென்ன. எனக்கு எரிச்சல் அறிவியல் ரீதியானது மட்டும். ஒரே சென்சாரை நம்பி இப்படிப் பேசுவது முறையில்லை. அவளுக்குத் திறமை என்று பெரிதாக ஒன்றும் இல்லை. வாய்ப்பு வந்தது, அவ்வளவுதான்.

பிப்ரவரி 13, வெள்ளி

வண்டியை வள்ளியூரில் சர்வீசுக்கு விட்டிருந்தேன். செயின் செட் மாற்ற வேண்டும். தலைவலி என்று சொல்லி அறையிலேயே படுத்துக்கொண்டேன்.

மூன்று மணிக்கு அண்ணாச்சி வந்து சொன்னார். "இன்னைக்கு ஒண்ணும் விழலையாம் தம்பி. அந்தப் பிள்ள மூஞ்சி செத்துப்போச்சு."

தலைவலி போய்விட்டது. உள்ளதைத்தான் எழுத வேண்டும்.

பிப்ரவரி 14, சனி

அவளே தேடி வந்தாள். கையில் நேற்றைய தாள். ஒரே நேர்கோடு.

"கதிர் முழுசா அரைமணி நேரம் வந்திருக்குண்ணே. ஆனா ஒண்ணுமே இல்லை."

"உன் கண்டுபிடிப்பு லீவு எடுத்திருக்கும்."

அவள் சிரிக்கவில்லை. "இன்னொரு விஷயம். மீட்டிங்குல 'விருந்தினர்'னு ஒரு ஆளு வாராவ. கேமராவத் திறக்க மாட்டேங்காவ, பேசவும் மாட்டேங்காவ. கடைசி வரைக்கும் இருக்காவ. தலைமையகத்துல கேட்டா எங்க ஆளு இல்லைங்காவ. நேத்து மட்டும் வரலை."

"பேப்பர்க்காரனா இருக்கும்."

"இருக்கும்."

பிப்ரவரி 17, செவ்வாய்

வண்டி வந்துவிட்டது. செயின் சத்தம் நின்றுவிட்டது. மரத்தடி, ஐந்து நிமிடம். சரிவு திரும்ப வந்துவிட்டதாம்.

பிப்ரவரி 20, வெள்ளி

கதிர் வரவில்லை. 12.05-க்குச் செயற்கைக்கோளில் ஏதோ கோளாறு என்று ரத்து செய்துவிட்டார்கள். பத்து நாளைக்குச் சோதனை இல்லை. மரத்தடியில் ஐந்து நிமிடம் நின்றுவிட்டு வந்தேன். கோளாறு யார் தப்பு என்று தலைமையகத்தில் இரண்டு பேர் நீளமாகச் சண்டை போட்டார்கள். இவள் குறுக்கே போகாமல் உட்கார்ந்திருந்தாள்.

வேடிக்கை என்னவென்றால் இன்றும் சரிவு விழுந்திருக்கிறது. கதிரே இல்லாமல்.

லூர்துராஜ் சார் கதவைத் திறந்து வைத்துக்கொண்டே பேசினார். பக்கத்து அறையில் கேட்டது. "பதிமூணையும் இருபதையும் விட்டுடும்மா. எந்தக் கண்காணிப்புலயும் ரெண்டு நாள் கோளாறு இருக்கும். ஆய்வுக் குழு மார்ச் பதினேழாம் தேதி வருது. தெளிவா ஒரு கதை சொல்லணும்."

அவள், "கதையாத்தான் சார் இருக்கு" என்றாள்.

பிப்ரவரி 24, செவ்வாய்

"முதன்மைக் குடிலச் சரி பண்ணித் தாங்கண்ணே. இன்னொரு கருவி ஓடுனா இது வானத்துலயா தரையிலயான்னு தெரிஞ்சுபோகும். ரெண்டு நாள் வேலைன்னு நீங்களே சொன்னீய."

"போர்டு வரலை."

"அலமாரியில இருக்கு. பாத்தேன்."

"அது வேற போர்டு."

அவளுக்குப் போர்டு பற்றித் தெரியாது என்று நினைத்தேன். தெரியும். எண்ணைப் பார்த்திருக்கிறாள். ஆனால் ஒன்றும் சொல்லவில்லை. எனக்கு அதுதான் பிடிக்கவில்லை. சண்டை போட்டிருந்தால் நானும் நாலு வார்த்தை சொல்லியிருப்பேன்.

மார்ச் 3, செவ்வாய்

சோதனை மறுபடி தொடங்கியது. 12.05-க்கு மரத்தடிக்குப் போனேன். வண்டியை நிறுத்தி, செல்போனை எடுத்து, இயர்போனைக் காதில் மாட்டிக்கொண்டேன். செல்போன் திரையில் அவள் நாற்காலி காலியாக இருந்தது.

வேலிக்கு உள்ளே சருகுச் சத்தம். கள்ளிக்கு இடையே பார்த்தேன். செருப்பில்லாமல், வெயிலில், அவள் ஓடி வருகிறாள். அந்தக் குழி அருகே முட்டி போட்டாள். ஓலையை விலக்கினாள். உள்ளே தெர்மகோல் பெட்டி. பெட்டிக்குள் வெப்பமானியைப் பார்த்துக் கையில் எழுதிக்கொண்டாள்.

தண்ணீர்க் குழாய் இல்லை. சென்சார்.

நான் நின்ற இடத்திலிருந்து எட்டு மீட்டர் இருக்கும். எனக்கும் அந்தப் பெட்டிக்கும் நடுவே கள்ளிவேலி. என் கால்களுக்கு நடுவே நூற்று நாற்பது கிலோ இரும்பு.

வண்டியை ஸ்டார்ட் செய்யாமல் தள்ளிக்கொண்டு போனேன். நூறு மீட்டர். அவள் திரும்பிப் பார்த்தாளா என்று தெரியாது. நான் பார்க்கவில்லை.

அறைக்கு வந்து அந்த மின்னஞ்சலைத் திறந்தேன். ஜனவரி 14. 'வாழ்த்துகளுக்கு நன்றி' என்று இரண்டு வரி. அடுத்த பத்தியில்: 'முதன்மைக் குடில் பழுதாகி இருப்பதால் புதிய சென்சாரைக் கிழக்கு வேலி அருகே குழியில் வைத்திருக்கிறோம். வேலிக்கு வெளியே வண்டித்தடத்தில் வாகனம் நிறுத்தவேண்டாம் என்று எல்லோரையும் கேட்டுக்கொள்கிறேன்.' கூடவே ஒரு வரைபடம். உடைமரத்தைக்கூட வரைந்து வைத்திருக்கிறாள்.

இந்த நோட்டைப் புரட்டினேன். மூன்று, ஆறு, பத்து: போனேன், விழுந்தது. பதிமூன்று: வண்டி வள்ளியூரில், விழவில்லை. பதினேழு: போனேன், விழுந்தது. இருபது: கதிர் வரவில்லை, நான் போனேன், விழுந்தது.

ஒன்றுகூடத் தப்பவில்லை.

மார்ச் 4, புதன்

நிதானமாக யோசிக்கிறேன்.

குழு 17-ஆம் தேதி வருகிறது. அன்று நான் வண்டியோடு அங்கே போய் நின்றால் சரிவு விழும். அறிக்கை போகும். பிறகு என்றைக்காவது யாராவது உண்மையைக் கண்டுபிடிப்பார்கள். மோட்டார் சைக்கிளைக் காந்தக்கோளம் என்று சொன்னவள் என்று காலத்துக்கும் பேர் இருக்கும். போகாவிட்டால் சரிவு விழாது. குழு முன்னால் அன்றைக்கே கதை முடிந்தது. எப்படியும் பணியிடம் எனக்கு. நான் ஒன்றும் செய்யவேண்டியதில்லை. சும்மா இருந்தால் போதும்.

நன்றாகத் தூங்கினேன்.

மார்ச் 6, வெள்ளி

வண்டியை வாசல் கொட்டகையில் விட்டுவிட்டு முதல் தடவையாக வீடியோ கால் அறையில் உட்கார்ந்தேன். அவள் முகத்தைப் பார்க்கத்தான் போனேன். 12.10 ஆனது. கோடு நேராகப் போனது. 12.40 ஆனது. நேராகவே போனது. அவள் பேனாவின் மூடியைத் திறந்து மூடிக்கொண்டே இருந்தாள். இயக்குநர் "இசக்கி, ஆர் யூ தேர்?" என்றார்.

நினைத்த அளவுக்கு இல்லை. சாப்பாடும் இறங்கவில்லை. ஹோட்டலில் எண்ணெய் சரியில்லை.

மார்ச் 10, செவ்வாய்

இன்றும் ஒன்றும் விழவில்லை. தண்ணீர்த் தொட்டி கழுவினேன்.

மார்ச் 11, புதன்

மதியம் அறிக்கையின் வரைவைக் கொண்டுவந்து என் மேசையில் வைத்தாள்.

பதிமூன்றாம் தேதியும் இருபதாம் தேதியும் முதல் பக்கத்திலேயே இருக்கின்றன. பெரிய எழுத்தில். லூர்துராஜ் சார் விடச் சொன்ன இரண்டு நாள்.

"இதைப் போட்டா உன் முடிவு நிக்காதே" என்றேன்.

"நிக்காதுண்ணே. நிக்காததை நிக்குதுன்னு எழுத முடியுமா? காரணம் தெரியாம கையெழுத்துப் போட மாட்டேன்னு சார்ட்ட சொல்லிட்டேன். அப்ப வேற ஆளு போடட்டும்னுட்டாவ."

"வேற ஆளுன்னா?"

"நீங்கதான். வேற யாரு இருக்கா?"

அதை அவள் குத்திச் சொல்லவில்லை. பேருந்து எத்தனை மணிக்கு என்று சொல்வது போலச் சொன்னாள். பிறகு கணினியைப் பார்த்துக்கொண்டே, என்னைப் பார்க்காமல், இன்னொன்று சொன்னாள்.

"ஒரு கோட்டித்தனமான பட்டியல் போட்டுப் பாத்தேன். அந்த விருந்தினர் வந்த நாள்லாம் விழுது. வராத நாள் விழலை. மூணாம் தேதி ஆறே நிமிஷம் இருந்துட்டுப் போயிருக்காவ. சரிவும் ஆறே நிமிஷம். இதை அறிக்கையில எந்தத் தலைப்புல எழுதண்ணே?"

நான் தண்ணீர் குடிக்கப் போய்விட்டேன்.

எழுதிவிடுகிறேன். அவளுடைய படம் பேப்பரில் வந்தபோது வலித்தது. பொறுப்பு கிடைத்தபோது வலித்தது. இன்று வலித்தது வேறு மாதிரி. வேலை போனாலும் பரவாயில்லை என்று அந்த இரண்டு நாளையும் முதல் பக்கத்தில் போட்டாள் பாருங்கள், அதை நான் செய்திருக்க மாட்டேன். லூர்துராஜ் சார் சொன்னபடி விட்டிருப்பேன். தெரிகிறது.

இன்னும் ஒன்று. ஒரு நாளிலோ இரண்டு நாளிலோ அவளே கண்டுபிடித்துவிடுவாள். அதுவும் அவள் கணக்கில் சேரும். காரணத்தைக் கண்டுபிடித்தவன் நான். ஒரு வாரம் முன்னாலேயே.

மார்ச் 12, வியாழன்

காலையில் போய் நின்றபடியே சொன்னேன். "உன் சரிவு என் வண்டி."

அவள் நிமிர்ந்து பார்த்தாள். எழுந்திருக்கவில்லை.

"எங்க நின்னீய?"

"உடைமரத்தடி. எட்டு மீட்டர்."

"மெயில் போட்டேனே."

"திறக்கலை."

"எதுக்கு அங்க போனீய?"

"சிக்னல் கிடைக்கும்."

"ஆபீஸ்ல வைஃபை இருக்கு."

அவள் அதை மேலே கேட்கவில்லை. பேனாவை எடுத்தாள். "எந்தெந்தத் தேதி, எத்தனை மணி?"

"டைரியில எழுதி வச்சிருக்கேன். தேதியெல்லாம் தனியா எழுதித் தாரேன்."

"எழுதித் தந்தா அது நகல். மூலப்பதிவு வேணும்."

"அதுல சொந்த விஷயம் இருக்கு இசக்கி."

"பக்கம் கிழிக்கக் கூடாது, அழிக்கக் கூடாதுன்னு யாருண்ணே சொன்னது?"

"உன்னைப் பத்தி எழுதியிருக்கு."

"எழுதியிருப்பீயன்னு தெரியும். நாளைக்குச் சோதனை முடிச்சுட்டு வாங்கிக்கிடுதேன்."

மார்ச் 13, வெள்ளி

நானே முறையைச் சொன்னேன். அவள் அறைக்குள் திரை முன்னால் இருக்க வேண்டும். நான் என் இஷ்டத்துக்கு வண்டியை மரத்தடிக்குக் கொண்டுபோய் வைப்பேன், எடுப்பேன். நேரத்தை ஒரு தாளில் எழுதி அண்ணாச்சியிடம் மடித்துக் கொடுப்பேன். அவள் திரையைப் பார்த்து எழுதும் நேரத்தோடு மாலையில் ஒப்பிட வேண்டும்.

ஒன்பது தடவை தள்ளிக்கொண்டு போய்வந்தேன். அண்ணாச்சி கொட்டகை நிழலில் இருந்து பார்த்துக்கொண்டே இருந்தார்.

"ஏன் தம்பி, வண்டிக்கு நடை பழக்குறீங்களா?"

ஒன்பதும் பொருந்தியது. 4.1 நானோ டெஸ்லா. வண்டியைத் திருப்பி நிறுத்தினால் 3.6. அண்ணாச்சி தன் சைக்கிளையும் வைத்துப் பார்க்கச் சொன்னார். அரைகூட வரவில்லை. கொஞ்சம் வருத்தப்பட்டார்.

இப்போது இந்த நோட்டைக் கொடுக்கப் போகிறேன். பிப்ரவரி பத்தாம் தேதி எழுதியதை நினைத்தால் பக்கத்தைக் கிழித்துவிடலாம் என்று இருக்கிறது. கிழித்தால் தைத்த நூலில் தெரியும். அவள் எண்ணிப் பார்ப்பாள். அப்படிப் பார்க்கச் சொல்லிக் கொடுத்ததும் நான்தான்.

ஏப்ரல் 2, வியாழன்

நோட்டு இன்று திரும்பி வந்தது. நடுவில் நடந்ததை எழுதிவிடுகிறேன்.

முதன்மைக் குடிலை ஒன்றரை நாளில் சரி செய்தேன். மார்ச் 17 அன்று குழு வந்தது. ஐந்து பேர். கதிர் இறங்கியது. மேற்கே என் கருவி, கிழக்கே அவள் கருவி, இரண்டு கோடும் நேராகப் போயின. இசக்கி எழுந்து சொன்னாள்: ஒரு செயற்கைக்கோள், இந்த அளவுக் கதிர் என்றால், தரையில் 0.3 நானோ டெஸ்லாவுக்கு மேல் எந்தப் பாதிப்பும் தெரியவில்லை. நூறு வந்தால் என்ன ஆகும், உந்திகளின் அயனிகள் மேலே காந்தக்கோளத்தை என்ன செய்யும் என்பதற்கு இது பதில் இல்லை. அதற்கு மேலே போய் அளக்க வேண்டும். முன்பு சொன்ன சரிவுகள் தவறு. பேப்பருக்கும் மறுப்பு அனுப்பியாகிவிட்டது. காரணம், நிலையப் பணியாளர் ஒருவரின் இருசக்கர வாகனம்.

குழுவில் வழுக்கைத் தலையர் ஒருவர் சிரித்தார். "யார் அந்தப் பணியாளர்?"

அவள் அடுத்த தாளைப் புரட்டினாள். லூர்துராஜ் சார் மேசையைப் பார்த்தார். நான் எழுந்தேன்.

"என் வண்டி சார்."

"இங்கேயே வேலை பார்த்துக்கிட்டு அங்கே போய் ஏன் நிறுத்தினீங்க?"

"உள்ள உக்காரப் பிடிக்கலை."

இரண்டு பேர் சிரித்தார்கள். சிரிக்கட்டும். நூறு செயற்கைக்கோள் என் வண்டிக்காக நிற்கப் பார்த்தது.

பணியிடம் இசக்கிக்கு. நேற்று உத்தரவு வந்தது. எனக்கு ஆறு மாதம் ஒப்பந்தம் நீட்டித்திருக்கிறார்கள், கருவிப் பராமரிப்புக்கு. வாழ்த்து சொன்னேன். சொல்லும்போதும் அந்தப் பழைய வலி இருந்தது. இன்னும் இருக்கிறது. அது ஒன்றும் போய்விடவில்லை. வண்டியை இப்போது வாசல் கொட்டகையில் விட்டுவிட்டு நடக்கிறேன்.

அறிக்கையின் மூன்றாம் அட்டவணையில் ஆறு தேதிகள் இருக்கின்றன. மூல ஆதாரம்: 'ச. சங்கரபாண்டியின் நாட்குறிப்பு.' அம்மாவுக்கு அந்தப் பக்கத்தைப் படம் எடுத்து அனுப்பினேன். "நல்லாருக்குலே. உன் பேரு வந்திருக்கு" என்றாள்.

நோட்டை மேசையில் வைத்துவிட்டு இசக்கி போய்விட்டாள். அவள் போன பிறகு முதலிலிருந்து புரட்டினேன். மல்லிகைப்பூ பற்றி எழுதியது அப்படியே இருக்கிறது. திறமை இல்லை என்று எழுதியதிலும் அவள் பேனா படவில்லை. போர்டு, பேப்பர்க்காரன், எதிலும் ஒரு குறி இல்லை.

பிப்ரவரி 3-ஆம் தேதியில் 'ஐந்து நிமிடம்' என்பதன் மேல் ஒரே கோடு. மேலே சிறிய எழுத்தில், சரிவு நீடித்த நிமிடக் கணக்கு: '34'. பக்கத்தில் அவள் சுருக்கொப்பம். ஆறாம் தேதி, 31. பத்தாம் தேதி, 36. பதினேழு, 38. கதிரே வராத இருபதாம் தேதி, 52.

ஐந்து இடத்திலும் தன் ஒப்பத்துக்குப் பக்கத்தில் அளந்தவர் போடுவதற்கு இடம் விட்டிருக்கிறாள்.

போட்டேன்.